இருபத்தேழாம் வாரத்து டயர்கள்

நான் அவரை முதன்முதலில் பார்க்கப் போனது ஒரு திருடரைப் பார்க்கப் போகிற நினைப்பில்தான். கழுத்தில் கம்பெனி அட்டை, பையில் கேமரா, சட்டைப்பையில் இரண்டு பேனா. வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை மதித்து எனக்கு நாற்காலி போட்ட முதல் இடம் இந்தக் கம்பெனி. கம்பெனி யாரைப் போலி என்கிறதோ அவர் போலிதான் என்று நம்ப எனக்கு அப்போது ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் மோட்டார் சைக்கிள் டயர் செய்கிறவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி ஒரு சின்ன டயர் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அந்த டயருக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பக்கவாட்டில் ஓடுகிற முயல் ஒன்று இருக்கும், அதனால் முயல் டயர். எங்கள் ஆட்கள் அதை வாங்கியது ஓட்டுவதற்கு அல்ல, நிறுத்துவதற்கு. வாங்கிய மாதமே ஆலையைப் பூட்டி, அச்சுகளை உடைத்துப் பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அது எங்கள் அலுவலக அலமாரியில் ஒரு கோப்பில் கிடந்தது.

இப்படி இருக்கையில் ஒருவர் எங்கள் விற்பனைக் கடைக்கு வண்டியோடு வந்து, "பின்னாடி போட்டிருக்கேன் பாருங்க, முயலு. அருமையா ஓடுது. முன்னாடிக்கும் இதே குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் குனிந்து டயரின் எண்ணைப் பார்த்தார். எந்த டயரிலும் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எந்த வாரம் செய்தது, அடுத்த இரண்டு எந்த வருடம். இதில் இருபத்தேழாம் வாரம் என்று இருந்தது. முயல் ஆலை மூடியதோ அந்த வருடத்தின் இருபத்தாறாம் வாரம், சனிக்கிழமை. ஆலை செத்த பிறகு பிறந்த டயர்! கடைக்காரர் புகார் அனுப்பினார். புகார்ப் பிரிவில் கடைசி நாற்காலி என்னுடையது. "போய்ப் பாத்துட்டு வாப்பா" என்றார் மேலாளர்.

வண்டிக்காரர் அந்த முயல் டயரை வாங்கிய கடை ஒரு வீட்டின் முன்னறை. ஒரு பக்கம் மெக்கானிக், இன்னொரு பக்கம் நகல் எடுக்கும் கடை. இரும்புக் கதவு பாதிதான் தூக்கியிருந்தது. உள்ளே ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சுவரோரமாக விட்டம் வரைக்கும் டயர்கள், நீலப் பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றன. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நெம்புகோலால் டயரை ரிம்மில் ஏற்றிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே வெயிலில் தையல் மெஷினைப் போட்டு, ஓர் அம்மா வண்டி சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனியிலேருந்து வர்றேன்" என்றேன்.

"எந்தக் கம்பெனி?"

சொன்னேன். அவர் நெம்புகோலைக் கீழே வைக்கவில்லை.

"ஓ, எங்களை மூடினவங்க. உக்காருங்க சார்."

உட்கார எதுவும் இல்லை. அந்த அம்மா ஒரு பழைய டயரைக் காலால் உருட்டி விட்டார். அதன் மேல் உட்கார்ந்தேன்.

"என்ன இருட்டா இருக்கு?" என்று கேட்டேன். பதுக்கல் என்றால் இருட்டு இருக்கத்தானே வேண்டும்.

"டயருக்கு வெயில் ஆகாது. வெடிப்பு விட்டுரும்."

"எனக்கும்தான் ஆகாது" என்றார் அந்த அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா என்னை எங்க வெச்சிருக்காரு பாருங்க. அதுக்குப் போர்வை, எனக்கு வாசல்."

பக்கத்து மெக்கானிக் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விசாரணைக்கு வந்தவன் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். புகாரில் இருந்த எண்ணைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதைப் போட்டதே நான்தான் சார்."

பதினெட்டு வருடம் அவருக்கு அந்த ஆலையில் இருந்த வேலை வார எண்ணை மாற்றுவது. டயர் வேகிற அச்சுக்குள் நகத்தளவு ஒரு தகட்டில் எண் இருக்கும். வாரா வாரம் அதைக் கழற்றி அடுத்த எண்ணைத் திருகவேண்டும். பதினாலு அச்சு, பதினாலு தகடு. வாரத்தின் மிச்ச நாட்களில் அச்சுகளைத் துடைப்பது, பழுது பார்ப்பது. ஆலையில் எல்லோரும் அவரை 'வாரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு வாரண்ணன்.

"கிழமை கேட்டா இவருக்குத் தெரியாது" என்றார் மனைவி. "எத்தனாவது வாரம்னு கேளுங்க, தூக்கத்துல சொல்வாரு. எங்க கல்யாணம் ஒம்பது. பொண்ணு பொறந்தது நாப்பத்தொண்ணு. மாமியார் போனது முப்பத்தாறு. நான் எப்பப் போவேன்னுதான் இன்னும் தகடு எடுத்து வைக்கலை."

"சும்மா இரு" என்றார் அவர். பிறகு என்னிடம், தகடு மாற்றுவது திங்கட்கிழமை செய்யவேண்டிய வேலை என்று விளக்கினார். ஆனால் திங்கட்கிழமை விடியும் முன்பே நீராவி ஏறிவிடும், கொதிக்கிற அச்சில் கை வைத்தால் தோல் போய்விடும். அதனால் சனிக்கிழமை மாலை நீராவியை நிறுத்தி அச்சு ஆறியதும், அடுத்த வாரத்து எண்ணை அப்போதே போட்டுவிடுவார். ஞாயிறு ஆலை ஓடாது, ஆகவே தப்பு வராது. பதினெட்டு வருடமும் அதுதான் வழக்கம். அந்தக் கடைசி சனிக்கிழமையும் இருபத்தாறைக் கழற்றி இருபத்தேழைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆலை மூடப்போவது அவருக்குத் தெரியாது.

"மறுநாள் மேனேஜர் எட்டு பேரை போன் போட்டுக் கூப்பிட்டிருக்காரு. வேகாத டயர் நானூறு சொச்சம் கெடந்துச்சு. பச்சை டயர்னு சொல்லுவோம். விட்டா கெட்டுப்போயிரும், வேகவெச்சு முடிச்சிடுங்கன்னாராம். எனக்குச் சொல்லலை. நான் எதுக்கு? தகடுதான் மாத்தியாச்சே. திங்கட்கிழமை போனா கேட்டுல பூட்டு, பூட்டுக்குக் கீழ நோட்டீஸ். ஆளுக்கு நாலஞ்சு டயர் குடுத்து அனுப்பிட்டாங்க. கழுத்துல போடுற மாலைக்குப் பதிலா."

"அதுக்கு ஏதாவது ரசீது இருக்கா?"

"கை குடுத்தாங்க, டயர் குடுத்தாங்க. ரெண்டுக்கும் ரசீது இல்ல சார்."

வண்டி இல்லாதவர்களும் வீட்டில் இடமில்லாதவர்களும் தங்கள் பங்கை இவர் அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படித்தான் கடை வந்தது. இப்போது மிச்சம் நூற்று எண்பத்து மூன்று. செய்து ஐந்து வருடம் தாண்டிய டயரை எவனும் வாங்கமாட்டான், எண்ணைப் பார்த்ததும் விட்டுவிடுவான். மூன்று வருடம் ஏற்கெனவே போய்விட்டது. வேறு கம்பெனிக்காரர்கள் இவ்வளவு சின்னக் கடைக்குச் சரக்கு தரமாட்டார்கள். பஞ்சர் ஒட்டி மட்டும் ஒரு வீட்டை நடத்த முடியாது. அந்த நூற்று எண்பத்து மூன்றும் இன்னும் இரண்டு வருடத்துக்குள் நல்ல டயர் என்ற பெயரோடு விற்றாகவேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் அம்பத்திமூணாவது வாரம்" என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கதை நன்றாகத்தான் இருந்தது. அத்தாட்சி? கேட்டேன். அவர் ஒரு டயரின் உறையை விலக்கி, முயலைக் காட்டினார்.

"காதைப் பாருங்க."

ஒரு காது முழுசு. இன்னொன்று பாதி.

"பின்சக்கரத்து அச்சு எல்லாம் ஒரே மூலத்துலேருந்து வார்த்தது. அந்த மூலத்துலயே காது நுனி ஒடஞ்சிருச்சு. சரி பண்ணலாம் பண்ணலாம்னு சொல்லியே காலம் ஓடிருச்சு. போலி பண்றவன் ரெண்டு காதையும் ஒழுங்கா வைப்பான் சார். அவனுக்கு எங்க முயலைப் பத்தித் தெரியாது."

எங்கள் வீட்டில் அப்பா வண்டிக்குப் பின்சக்கரம் முயல் டயர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெருவில் இறங்கி நின்று அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, நம்ம வண்டி டயர்ல முயல் இருக்குல்ல. அதுக்கு எத்தனை காது?"

அப்பா கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"ஏண்டா, அத்தனை வருஷம் படிச்சவன் கேக்குற கேள்வியா இது? வேலையில ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லப்பா. போய்ப் பாத்துச் சொல்லுங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. யாரிடமோ "பையன் முயல் காதை எண்ணச் சொல்றான்" என்று சொல்வது கேட்டது. பிறகு மூச்சு வாங்க, "ஒண்ணரை" என்றார். "இத்தனை நாள் நான் கவனிச்சதே இல்லடா. ஒண்ணரை."

நான் திரும்பி வந்தபோது வாரண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிம்மைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் அன்றிலிருந்து அவரை அண்ணே என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். போகும்போது தகட்டுப் பெட்டியைக் காட்டினார். ஐம்பத்திரண்டு அறை அடித்த மரப்பெட்டி. ஆலையில் எல்லாம் எடைக்குப் போனபோது இதை மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வோர் அறையிலும் பதினாலு தகடு. இருபத்தேழாம் அறை காலி. அவை கடைசி வரை அச்சிலேயே இருந்து அச்சோடு போய்விட்டன. விசாரணை முடியும்வரை எதையும் விற்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். பெட்டியையும்.

மேலாளர் என் அறிக்கையைப் படித்தார். நாலு பக்கம், தலைப்புகளோடு. காது பற்றி மட்டும் ஒரு பக்கம். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் படத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"தகட்டுப் பெட்டி சார்."

"அவன்கிட்டயா இருக்கு? அப்புறம் என்னப்பா. எண்ணுத் தகடு அவன் கையில, எண்ணு போட்ட டயர் அவன் கடையில. ஞாயித்துக்கிழமை ஆலை ஓடினதா நம்ம ஏட்டுல ஒரு வரி கிடையாது. போலீசுக்கு எழுது."

தகடு இருந்தால் போதாது, அச்சு வேண்டும், நீராவி வேண்டும், ஓர் ஆலையே வேண்டும் என்றேன். அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். பெட்டியைப் படம் எடுத்தது நான். நாற்காலியை விட்டு எழாமல் யோசித்தேன். யோசித்ததில் ஒன்று தோன்றியது. இன்றைக்கும் சொல்கிறேன், அது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது.

"சார், இருபத்தாறாம் வாரத்துலயே தவறுதலா இருபத்தேழு தகட்டைப் போட்டிருந்தா? அப்ப அது ஆலை ஓடின வாரத்துச் சரக்குதானே. நம்ம சரக்கு. போலி இல்லையே."

மேலாளர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவன் அப்படி எழுதிக் குடுப்பானா?"

"வாங்கிட்டு வர்றேன் சார்."

கடிதத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். 'மேற்படி வாரத்தில் என்னுடைய கவனக்குறைவால் அடுத்த வாரத்துக்குரிய தகட்டை முன்கூட்டியே பொருத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று வந்தது. கடைக்குப் போய் வாரண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"நான் போட்டது சனிக்கிழமை சாயந்தரம் தம்பி."

"தெரியும்ணே."

"பதினெட்டு வருஷத்துல ஒரு வாரம் மாறலை. ஒரு தடவை காய்ச்சல்ல படுத்திருந்தேன், இவ ஆட்டோ புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டா, தகடு மாத்திட்டு வந்து மறுபடி படுத்தேன். மேனேஜர் கணக்கு தப்பும், சம்பளச் சீட்டு தப்பும். வாரம் தப்பாது."

"இப்படி எழுதினாதான் போலி இல்லைன்னு ஆகும். இல்லேன்னா போலீசுக்குப் போயிடும்ணே."

"அந்தக் கவனக்குறைவுங்கிற வார்த்தை மட்டும் எடுத்துர முடியுமா?"

முடியாது என்றேன். காரணம் இல்லாமல் தவறு நடந்ததாக ஒரு கடிதம் இருக்க முடியாது, அலுவலகம் ஏற்காது என்று விளக்கினேன். கல்லூரியில் கடிதம் எழுதும் பாடத்தில் எனக்கு எண்பத்தொன்பது மதிப்பெண்.

தையல் மெஷின் நின்றது.

"ஏங்க, போடுங்க" என்றார் மனைவி. "உங்க கவனத்தை மாட்டிக்கிட்டு வண்டியா ஓட்டப் போறோம்? மூணு வருஷமா இந்தக் கறுப்பு முண்டங்களோட படுத்து எந்திரிக்கிறேன். வித்துட்டு ஒரு நாள் ஜன்னலைத் தொறக்கணும். போடுங்க."

"நீ சொல்லுவ. ஆலையில இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா..."

"யாரு இருக்கா? ஒருத்தன் காவலுக்குப் போயிட்டான், ஒருத்தன் கண்ணு போயி உக்காந்திருக்கான். படிக்கிறதுக்கு ஆளே இல்ல. போடுங்கன்னா."

அவர் என் பேனாவை வாங்கினார். பெயருக்குக் கீழே தேதி போடச் சொன்னேன். தேதியைப் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டுத்தான் போட்டார். வாரத்தை யாரையும் கேட்காமல் ஓரத்தில் எழுதினார். முப்பத்தெட்டு. அது தேவையில்லை என்று அடிக்கச் சொன்னேன், அடித்தார்.

பதினெட்டு நாளில் உத்தரவு வந்தது. நான்தான் முதலில் படித்தேன். மேற்படி டயர்கள் கம்பெனியின் அசல் உற்பத்தி என்று ஏற்கப்படுகிறது. இதுவரை படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரி: உற்பத்தி செய்தவரே ஒப்புக்கொண்டபடி தேதி பிழையாகப் பொறிக்கப்பட்டுள்ளதால் அவை குறையுள்ள சரக்கு. விற்பனைக்குத் தகுதியற்றவை. கம்பெனி அவற்றைத் திரும்ப எடுத்து அழிக்கும்.

மேலாளர் அறைக்குள் உத்தரவோடு நுழைந்தேன்.

"நல்ல யோசனை குடுத்தப்பா" என்றார் அவரே முந்திக்கொண்டு. "போலின்னா போலீசு, கோர்ட்டு, வருஷக்கணக்குல இழுக்கும். நம்ம சரக்குன்னா நாமளே வெட்டிட்டுப் போயிரலாம். முயலு வெளிய ஓடிக்கிட்டே இருந்தா நம்ம டயரை எவன் வாங்குவான்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். வெட்டும் நாளில் எண்ணிக்கை பார்க்க என்னைப் போகச் சொன்னார். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

காலை பத்து மணிக்கு லாரியும் நான்கு கூலி ஆட்களும் வந்தார்கள். நான் உத்தரவை நீட்டினேன். வாரண்ணன் வாங்கிப் படித்தார். மெதுவாகப் படிப்பவர், அதனால் எனக்கு நிறைய நேரம் நிற்கவேண்டியிருந்தது. முடித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவர் வாங்கவில்லை.

"நான்தானே போடச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பவே இல்லை.

டயரை இரண்டாக வெட்டினால்தான் மறுபடி யாரும் மாட்டமுடியாது. ஆட்கள் ரம்பத்தால் அறுத்தார்கள். ஓரத்துக்குள் கம்பி வளையம் இருக்கிறது, ரம்பம் அதில் சிக்கிச் சிக்கி நின்றது. ஒரு டயருக்குக் கால் மணி நேரம். நாலாவது டயரில் ரம்பம் ஒடிந்து ஒருவன் கையைக் கிழித்துக்கொண்டான். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. மெக்கானிக் தன் வாசலில் நின்று, "கம்பெனிக்கு டயரு பண்ணவும் தெரியல, வெட்டவும் தெரியல" என்று சத்தமாகச் சொன்னார்.

வாரண்ணன் உள்ளே போய் நீளக் கைப்பிடி வைத்த கத்தரி ஒன்றை எடுத்து வந்தார். கம்பியை எங்கே பிடித்து நறுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரு நறுக்கு, பிறகு கத்தியால் ஓர் இழுப்பு. ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள், அவர் வெட்டினார். நான் எண்ணினேன். நாற்பதுக்கு மேல் போனபோது, பச்சையாக இருந்த டயரை யாரோ அவசரத்தில் வேகவைத்திருந்தாலும் நன்றாகவே வெந்திருக்கிறது என்றார். வெட்டுவாயைக் காட்டினார். உள்ளே ஒரு குமிழ்கூட இல்லை. எனக்குப் பார்க்கத் தெரியாது, தலையாட்டினேன்.

நூற்று எண்பத்து மூன்று ஆனதும் ஆட்களில் ஒருவர் மெக்கானிக் கடைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நின்ற வாரண்ணனின் சொந்த மொபெட்டில் பின்சக்கரம் முயல்.

"அது பட்டியல்ல இல்ல" என்றேன்.

"எண்ணு அதேதான் தம்பி" என்றார் அவர். அவரே சக்கரத்தைக் கழற்றினார். நூற்று எண்பத்து நான்கு.

லாரி கிளம்பும் முன் என் அருகில் வந்தார். கை முழுக்க ரப்பர்க் கறுப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, அந்தக் கடுதாசி உங்க ஆபீசுலதானே இருக்கும்?"

"ஆமாண்ணே."

"இனிமே அது யாருக்கும் வேண்டியதில்லையே. அந்தக் கவனக்குறைவுங்கிறதை மட்டும் அடிச்சுட முடியுமா? மத்தது இருக்கட்டும்."

கோப்பை மூடிவிட்டார்கள் என்றேன். மூடிய கோப்பில் திருத்தம் செய்ய முடியாது என்றேன். அது உண்மைதான். விதி அப்படித்தான் இருக்கிறது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, சிதறிக் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கப் போனார், யார் காலிலாவது குத்திவிடும் என்று.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். முதல்முறை பேசினார். இரண்டாம் முறை, வீட்டில் இல்லை என்று அந்த அம்மா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே ஜன்னலில் கறுப்புத் துணி அப்படியே இருந்தது.

இப்போது வாரண்ணன் பேருந்து நிலையத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்தில், காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை சீட்டுக் கொடுக்கிறார். சீட்டில் தேதியை மெஷினே அடித்துவிடுகிறது. வேலைக்கு நடந்துதான் போகிறார். முன்னறையை நகல் கடைக்காரருக்கு விட்டிருக்கிறார்கள், அதில் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அந்த அம்மா அதே வாசலில் சீட்டு உறை தைக்கிறார். தகட்டுப் பெட்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்து வந்தோம். அது எங்கள் அலுவலக அலமாரியில், கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.